கருவாட்டில் கோழியைவிட நாலு மடங்கு புரதமா?

கேள்வி: மேடம், எங்கள் பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர். என் மாமியார் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் நெத்திலி, வாளை, சீலா என்று இரண்டு மூன்று கிலோ கருவாடு கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வாரத்தில் மூன்று நாளாவது கருவாட்டுக் குழம்புதான். கோழியைவிடக் கருவாட்டில் நாலு மடங்கு புரதம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து அவரைப் பிடிக்கவே முடியவில்லை. என் கணவருக்கு வயது 44, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மகளுக்கு வயது 13, ஹீமோகுளோபின் 10 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மாமியாருக்கு மூட்டுவலி. என் அண்ணனோ, வெயிலில் காய்ந்த மீனில் சத்து எங்கே இருக்கும், வெறும் உப்பும் நாற்றமும்தான், கேன்சர் வேறு வரும் என்கிறார். கருவாடு சாப்பிட்ட அன்று மோர் குடித்தால் வெண்குஷ்டம் வரும் என்பதும் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். யார் சொல்வது சரி?
— செம்பூரிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சத்து விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. உப்பு விஷயத்தில் அண்ணன் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இருவரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் வீட்டில் ஒருவர் தட்டில் எத்தனை கிராம் கருவாடு விழுகிறது? அது தெரியாமல் நாலு மடங்கு, அஞ்சு மடங்கு என்று பேசுவதில் அர்த்தமில்லை.

முதலில் அந்த வாட்ஸ்அப் கணக்கு. மீனின் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர். வெயிலில் காயும்போது போவது அந்தத் தண்ணீர்தான், புரதம் ஆவியாகிப் போவதில்லை. பச்சை மீனில் 100 கிராமுக்கு 18, 20 கிராம் புரதம் என்றால், உப்பில்லாமல் நன்றாகக் காய்ந்த கருவாட்டில் அது 60 கிராமை எட்டும். பச்சைக் கோழிக்கறியில் 20 கிராம் சொச்சம். ஆக, மூன்று மடங்கு வரை ஒப்புக்கொள்ளலாம். உப்புக் கருவாட்டில் அதுவும் கிடையாது. எடையில் ஒரு பகுதியை உப்பே பிடித்துக்கொள்ளும், ஈரமும் கூடுதலாகத் தங்கும், அதனால் புரதம் 40 சொச்சத்துக்கோ அதற்கும் கீழேயோ வந்துவிடும்.

மும்பையில் இருப்பதால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெர்சோவா கோலிவாடா என்கிற மீனவர் குடியிருப்புப் பக்கம் போனால், மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, பொம்பில் (பாம்பே டக்) மீனை இரண்டிரண்டாக வாயோடு வாய் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். பச்சை பொம்பிலைக் கையில் எடுத்தால் கூழ் மாதிரி நழுவும், 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் தண்ணீர் அதில். ஆறேழு கிலோ பச்சை மீன் காய்ந்தால்தான் ஒரு கிலோ சுக்கா பொம்பில் தேறும். சத்து புதிதாக எங்கிருந்தும் வந்து சேரவில்லை. ஆறேழு கிலோவில் இருந்தது ஒரு கிலோவுக்குள் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி தட்டுக்கு வருவோம். கோழி என்றால் ஒரு ஆள் 100, 150 கிராம் சாதாரணமாகச் சாப்பிடுவார். காய்ந்த நெத்திலியில் 100 கிராம் நிறுத்து ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள், மொத்தக் குடும்பத்துக்கும் குழம்பு வைக்கலாம். ஒருவர் பங்குக்கு வருவது ஒரு கைப்பிடி, அதாவது 15 முதல் 20 கிராம். உப்பில்லாக் கருவாடு 20 கிராமில் சுமார் 12 கிராம் புரதம். இரண்டு முட்டைக்குச் சமம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் புரதம் 50 கிராம் அளவு என்பதால், ஒரு கைப்பிடிக் கருவாட்டுக்கு இது நல்ல பங்களிப்புதான். பருப்பும் சோறும் மட்டுமே இருக்கிற தட்டில் இது சேரும்போது சாப்பாட்டின் தரமே உயர்ந்துவிடும். மாமியாரிடம் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள். நாலு மடங்கு பேச்சை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

புரதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சுண்ணாம்புச்சத்து. நெத்திலி, பொம்பில் இரண்டையும் முள்ளோடு மென்று தின்கிறோம். வஞ்சிரத் துண்டில் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறோம், சுண்ணாம்பு அதோடு போய்விடுகிறது. காய்ந்த பொம்பிலில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு உண்டு. 20 கிராம் சாப்பிட்டால் 200 மில்லிகிராமுக்கு மேல், ஏறக்குறைய ஒரு டம்ளர் பாலில் கிடைப்பது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000 மில்லிகிராம். பால் பிடிக்காத பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முள்ளோடு தின்னும் சிறுமீன் கருவாடு ஒரு வரப்பிரசாதம். பி12 வைட்டமினும் காய்வதால் பெரிதாக அழிவதில்லை. சைவச் சாப்பாட்டில் பால், தயிர் தவிர வேறெதிலும் அவ்வளவாக அகப்படாத வைட்டமின் அது.

அண்ணன் கேட்ட "சத்து எங்கே" என்பதற்கு ஓரளவு நியாயம் இருக்கும் இடம் கொழுப்பு. மத்தி, அயிலை மாதிரி எண்ணெய் மீன்களில் இதயத்துக்கு நல்லது என்கிற ஒமேகா-3 நிறைய உண்டு. ஆனால் அந்தக் கொழுப்புக்கு வெயிலும் காற்றும் ஆகாது. திறந்த வெளியில் நாள்கணக்கில் காயும்போது அது காறிப்போகிறது. கருவாட்டின் வயிற்றுப்பக்கம் மஞ்சளாக, துருப்பிடித்த நிறத்தில் இருந்தால், மோந்து பார்த்தால் பழைய எண்ணெய் வாடை அடித்தால், அதுதான் அடையாளம். ஆகவே ஒமேகா-3க்காகக் கருவாடு சாப்பிடுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அதற்குப் பச்சை மத்தியையோ, பாங்டா என்று இங்கே விற்கும் அயிலையையோ வாரம் ஒருமுறை வாங்குங்கள், செம்பூர் மார்க்கெட்டில் வஞ்சிரம் விற்கிற விலைக்கு அது எவ்வளவோ மேல்.

சரி, உப்பு. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். "பிரஷர் மாத்திரை"யும் "வாரத்தில் மூன்று நாளும்" ஒரே கடிதத்தில் இருக்கின்றன.

உப்பு போட்டுக் காயவைத்த கருவாட்டில் எடையில் 15, 20 சதவீதம் வரை உப்பு இருப்பது சகஜம். அப்படியென்றால் 20 கிராம் கருவாட்டில் 3, 4 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லையே 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஒருவேளைக் குழம்பிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டால், காலை இட்லி, சாம்பார், சட்னி, ராத்திரி ரசம், ஊறுகாய், அப்பளத்துக்கெல்லாம் கணக்கில் இடம் ஏது? பிரஷருக்கு மாத்திரை போட்டுக்கொண்டே இப்படிச் சாப்பிட்டால் மாத்திரை ஒரு பக்கம் இழுக்கும், உப்பு இன்னொரு பக்கம் இழுக்கும். டாக்டர் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்.

"துண்டை எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறேன்" என்று என்னிடம் வரும் பலர் சொல்வதுண்டு. அதில் பயனில்லை. கொதிக்கும்போது கருவாட்டின் உப்பு குழம்பில்தான் இறங்குகிறது. இன்னும் சொல்லப்போனால், புளிக்குழம்பில் உப்பு அவ்வளவாக நாக்கில் தெரியாது, புளிப்பு அதை மூடிவிடும். அதனால்தான் கருவாட்டுக் குழம்புக்கு மேலும் ஒரு சிட்டிகை உப்பு போடத் தோன்றுகிறது.

இதற்காகக் கருவாட்டையே நிறுத்தச் சொல்ல மாட்டேன். எந்தக் கருவாடு என்பதை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நெத்திலி, சென்னாக்கூனி போன்ற சிறுசுகள் பெரும்பாலும் உப்பில்லாமலே காய்ந்துவிடும். இங்கே கிடைக்கும் சுக்கா பொம்பிலும் அப்படித்தான், மராத்திக்காரர்கள் ஜவ்லா, சுகட் என்று விற்கும் கூனி, இறால் வகைகளும் பெரும்பாலும் அப்படித்தான். வாளை, சீலா, சுறா மாதிரிப் பெரிய மீன்கள் உப்பில் ஊறிக் காய்பவை. கடையில் பார்த்தே ஓரளவு சொல்லலாம். உப்பில்லாதது சுக்காக இருக்கும், ஒடித்தால் டக்கென்று ஒடியும். உப்புக் கருவாடு வளையும், மேலே வெள்ளைப் பூத்திருக்கும், கையில் பிசுபிசுக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்பதால் மும்பை மழைக்காலத்தில் உப்புக் கருவாட்டுப் பை உள்ளே நசநசவென்று ஆகிவிடும். சந்தேகமாக இருந்தால் வீட்டில் ஒன்றைக் கழுவி நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஊரிலிருந்து வந்த சீலாவை வீணாக்க முடியாதுதான். இப்படிச் செய்யுங்கள். தலை, துடுப்பைக் கிள்ளி, சிறு துண்டுகளாக நறுக்குங்கள். முழுசாக ஊறவைத்தால் உப்பு வெளியே வராது, நறுக்கினால்தான் வரும். வெறும் சட்டியில் இரண்டு நிமிஷம் வறுத்தால் மணலும் செதிலும் உதிரும். அப்புறம் வெந்நீரில் இருபது நிமிஷம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேறு வெந்நீரில் அதே மாதிரி. தண்ணீரை மாற்றுவதுதான் முக்கியம், ஒரே தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் அவ்வளவு பலன் இல்லை. கொஞ்சம் பி வைட்டமினும் தண்ணீரோடு போகும், போகட்டும். குழம்பில் உப்பே போடாமல் கொதிக்கவிட்டு, கருவாடு வெந்த பிறகு ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கத்தரிக்காய், மொச்சை, முருங்கைக்காய் நிறையச் சேர்த்துக் கருவாட்டைக் குறைத்தாலும் மணம் குறையாது. கருவாட்டின் வேலையே அதுதானே. அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் தட்டுக்கு வரக்கூடாது.

கணவருக்கு என் சிபாரிசு: உப்புக் கருவாடு மாதத்தில் ஒன்றிரண்டு முறை, அதுவும் ஊறவைத்து. உப்பில்லாத நெத்திலியோ பொம்பிலோ வாரம் ஒருமுறை தாராளமாக. ஆனால் அவருக்குக் கிரியாட்டினின் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிரஷர் பல வருஷம் இருந்தால் சிறுநீரகத்தைத் தொடும். அந்த எண் கூடியிருந்தால் நான் சொன்ன இந்த அளவு பொருந்தாது. எந்தக் கருவாடாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மகள் விஷயத்தில் கருவாட்டை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சத்துப் பட்டியல்களில் கருவாட்டுக்கு இரும்புச்சத்து பிரமாதமாகப் போட்டிருக்கும். மணலில் காய்ந்த மீனை அரைத்து அளந்தால் மண்ணில் உள்ள இரும்பும் சேர்ந்துதான் அளவில் வரும், அது உடம்பில் சேராது. ஆனால் மீனுக்கு வேறொரு நல்ல குணம் உண்டு. கீரை, பயறு இவற்றிலுள்ள இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது, கூடவே மீனோ கறியோ இருந்தால் கூடுதலாக ஒட்டும். ஆகவே முருங்கைக்கீரைப் பொரியலில் ஒரு பிடி கூனியையோ நெத்தலிப் பொடியையோ போட்டு, மேலே எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ கொடுக்காதீர்கள், டீ இரும்பை மறித்துவிடும். இந்த வயதில் 10 என்பது ரத்தசோகைதான். மாதவிடாய் தொடங்கியிருந்தால் அதில் எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்து டாக்டரிடம் காட்டி, இரும்பு மாத்திரை தொடங்குங்கள். சாப்பாடு அதற்குத் துணை, மாற்று அல்ல. கூனி, இறாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பிள்ளைக்கு இறால் சாப்பிட்டு முன்னே எப்போதாவது தடிப்பு வந்திருந்தால் சுகட்டும் ஆகாது.

மாமியாருக்கு முழங்கால் வலி என்றால் அது பெரும்பாலும் தேய்மானம், கருவாட்டின் மேல் பழி போட வேண்டாம். ராத்திரி திடீரென்று காலின் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலி வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் யூரிக் ஆசிட் பார்க்க வேண்டும். யூரிக் ஆசிட் கூடியவர்களுக்கு நெத்திலி ஆகாது, காய்ந்த நெத்திலி இன்னும் ஆகாது. அதைக் கூட்டும் பியூரின் அதில் அதிகம்.

கேன்சர் பற்றி அண்ணன் எங்கே படித்திருப்பார் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சீன முறையில் உப்பிட்ட மீனைப் புற்றுநோய் தரும் பொருட்களில் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அது மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல்பகுதியில் வருகிற புற்றுநோய். தென்சீனாவில் கைக்குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும் நாளிலிருந்தே அந்த மீனைக் கொடுத்த வழக்கத்தை வைத்து வந்த முடிவு. அங்கே மீனை ஓரளவு அழுகவிட்டு உப்பில் போடும் முறையும் உண்டு. மாதம் இரண்டு முறை நம் வீட்டில் சாப்பிடுகிற நெத்திலிக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆனாலும் உப்பில் பதப்படுத்திய சாப்பாட்டை ஆயுசு முழுக்க நிறையச் சாப்பிடுவது இரைப்பைக்கு நல்லதல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சின்னக் குழந்தைகளுக்கு உப்புக் கருவாடு பழக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இனி யாருக்காவது பிரசவம் என்றால் இன்னொன்று: பால் ஊறும் என்று சுறாக் கருவாடு கொடுப்பார்கள். பெரிய சுறாவின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும், காய்ந்தால் அதுவும் செறிவாகும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அதற்குப் பதில் நெத்திலி கொடுங்கள்.

மோர் சட்டத்தை ரத்து செய்துவிடலாம். வெண்குஷ்டம் என்று நாம் சொல்லும் வெண்புள்ளி, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தோலுக்கு நிறம் தரும் அணுக்களையே தாக்குவதால் வருவது. மீனும் மோரும் சேர்ந்ததால் அது வந்ததாக ஆதாரம் கிடையாது. கருவாடு சாப்பிட்ட சிலருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி வருவதுண்டு. அது ஹிஸ்டமின் என்கிற, அலர்ஜி மாதிரித் தொல்லை தரும் பொருளின் வேலை. சூரை, அயிலை வகை மீன்களைக் காயப்போடுவதற்கு முன்னால் வெயிலில் போட்டுவைத்துக் கெட்டுப்போயிருந்தால் அது உண்டாகிவிடும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. பழி மோர்மேல் விழுந்தது அப்படித்தான் இருக்குமோ என்று நினைப்பதுண்டு.

நாற்றத்தைப் பற்றி அண்ணன் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. மும்பையில் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் கருவாட்டு வாடைக்குப் புகார் வராத நம்மவர் வீடு எனக்குத் தெரிந்து குறைவு. வறுக்கும்போதுதான் ஊர் கூடும். புளித்தண்ணீரில் போட்டால் அந்த வாடைக்குக் காரணமான பொருள் புளிப்போடு சேர்ந்து ஆவியாவது குறையும். அக்கம்பக்கத்தோடு சமாதானமாகவும் இருக்கலாம், வறுக்கிற எண்ணெயும் மிச்சம்.

கடைசியாக, சேமிப்பு. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, அதனால் இங்கே மே மாதத்தில் எல்லாரும் கருவாடு வாங்கி அடுக்குவார்கள். கோலி மீனவர் வீடுகளில் அது காலங்காலமான வழக்கம். ஆனால் செம்பூர் ஈரக்காற்றில் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தால் ஆடி பிறப்பதற்குள் பூசணம் பிடித்துவிடும். ஒருவேளைக்கு வேண்டியதை ஒவ்வொரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், வண்டும் புழுவும் அதில் பிழைக்காது. எடுக்கும்போது உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்புத் திட்டோ, பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாகவோ தெரிந்தால் கழுவிச் சமைக்கலாம் என்று பார்க்காதீர்கள், அது கெட்டதுதான். ஈ அண்டாத கருவாடு கடையில் இருந்தாலும் யோசித்து வாங்குங்கள், பூச்சிமருந்து தெளிக்கிற ஆட்களும் இந்தத் தொழிலில் உண்டு. மாமியார் போன வருஷம் கொண்டுவந்த பொட்டலம் ஏதாவது இன்னும் பரணில் இருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். சண்டை வந்தால் நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.